ஓர் ஆயுளுக்கு மட்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் சுகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மாடிப்படியில் நடுவில் ஒரு தடவை உட்கார்ந்தவள் இப்போது இரண்டு தடவை உட்காருகிறாள். கேட்டால், "சும்மா வேடிக்கை பாத்தேன்" என்கிறாள். வெறும் சுவரில் என்ன வேடிக்கையோ.

போனில் சொல்லலாம் என்றால் என் காது சரியில்லை. முப்பது வருஷம் லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் நின்ற காது. நீ பேசினால் ஈ மொய்க்கிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

கம்பெனியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு நரைத்த தலை ஆகாதாம். எங்கள் வயசுக்காரர்கள் எல்லோரையும் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். சீருடை, கருவிப்பெட்டி, அடையாள அட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. என் பூட்டை மட்டும் கொடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மேலே மெயின் சுவிட்சில் அவனவன் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவோம். போட்டவன்தான் திறக்கவேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக்கூடாது. இத்தனை வருஷம் என் உயிரைப் பார்த்துக்கொண்ட பூட்டை எதற்குத் திருப்பிக் கொடுப்பது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பென்ஷனை என்ன செய்வது என்று ஒரு கட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். அறுபதுவரை தொடாமல் விட்டுவைத்தால் தொகை கூடும், அதுவரை காற்றைத்தான் குடிக்கவேண்டும். வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம், என்னை எவன் சேர்ப்பான்? மாதாமாதம் இப்போதே வாங்குவது என்றால் அதில் இரண்டு வகை. 'ஓர் ஆயுள்' என்று எழுதினால் மாதம் நூறு வருகிறது என்று வை. நான் போனதும் நின்றுவிடும். 'ஈராயுள்' என்று எழுதினால் எண்பதுதான். ஆனால் நான் போனபின் அம்மாவுக்கு நாற்பது, அவள் இருக்கும்வரை. எதை எடுத்தாலும் கால் பங்கை முதலிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளலாம், மீதிக்குத் தக்க மாதத்தொகை குறையும்.

எண்பது வந்தால் வீட்டுச் செலவுக்கும் அம்மா மருந்துக்கும் சரியாக இருக்கும். ஈராயுள் என்றுதான் நினைத்திருக்கிறேன். நீ இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறவன், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அம்மாவைப் படி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தேகமே வேண்டாம், ஈராயுள்தான். எங்கள் ஆபீஸில் தினமும் இதைத்தான் பார்க்கிறோம். மாதம் கொஞ்சம் கூட வருகிறதே என்று ஆசைப்பட்டு ஓர் ஆயுளை எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிறகு அந்த அம்மாக்கள் கவுண்டரில் நின்று அழுவார்கள். நாங்கள் தண்ணீர் கொடுப்போம், வேறென்ன செய்வது? பென்ஷன் என்பது குடும்பப் பொறுப்பு அப்பா.

அந்தக் கால் பங்கு பற்றி எழுதியிருந்தீர்கள். நல்லவேளையாக இந்த நேரத்தில் வந்தது. நானும் உங்கள் மருமகளும் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். ஏப்ரலுக்குள் முன்பணம் கட்டவேண்டும். கொஞ்சம் துண்டு விழுகிறது. உங்கள் கால் பங்கு கிட்டத்தட்ட அதே அளவு. இதை நான் இனாமாகக் கேட்கவில்லை, கடனாகத்தான் கேட்கிறேன். உங்களுக்கு மாதத்தொகையில் எவ்வளவு குறைகிறதோ அதை ஜூன் முதல் நானே மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இருக்காது. வங்கியில் தூங்குவதற்குப் பதில் நம் குடும்பத்துக்கே சொத்தாக நிற்கும். யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை, ஆனால் மார்ச் பத்துக்குள் தெரிந்தால் நல்லது.

உங்கள் அன்பு மகன்


மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஃப்ளாட் சேதியைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். கடிதத்தை அவளே வாங்கி இன்னொரு தடவை படித்தாள். "எத்தன ரூமுங்க?" என்று என்னைக் கேட்கிறாள், நான்தான் கட்டினேன் போல. "அவன் எழுதல," என்றேன். "நமக்கு ஒண்ணு இருக்கும்," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கால் பங்கு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் உன் கணக்குக்கு வந்துவிடும். எந்த வகை என்பதை ஏப்ரல் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

டாக்டர் அம்மாவுக்கு மருந்தை மாற்றியிருக்கிறார். புது மாத்திரை சின்னதாக இருக்கிறது, விலைதான் பெரிது. முனைக் கடை மருந்துக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். அவ்வளவு மரியாதை எனக்குக் கம்பெனியில்கூடக் கிடைத்ததில்லை.

அப்பா


மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பணம் வந்து சேர்ந்தது. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முன்பணம் கட்டியாயிற்று.

ஃப்ளாட் ஐந்தாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது அப்பா! நீங்கள் வரும்போது அதைக் குறை சொல்லாமல் ஏறி வரவேண்டும். ஹால் பெரியது. இரண்டு படுக்கையறை, அதில் ஒன்று சின்னது. சமையலறையில் காலை வெயில் விழுகிறது. உங்கள் மருமகள் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி நாளைக் கழிக்கிறாள்.

ஜூன் கணக்கு எனக்கு நினைவிருக்கிறது. ஈராயுள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்தானே?

உங்கள் மகன்


ஏப்ரல் 27

அன்புள்ள மகனுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

பென்ஷன் தாள் கொடுத்தாயிற்று. ஓர் ஆயுள் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

அப்படி எழுதினால் மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டுமாம். நெட்டையனை ஞாபகம் இருக்கிறதா? நான் குழியில் இருந்தால் அவன் மேலே இருப்பான், இருபது வருஷக் கூட்டாளி. அவன்தான் வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். பென்ஷன் ஆபீஸில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டவேண்டும் என்பது அவர்கள் விதி. "இவருடைய காலத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் வராது என்பதைத் தெரிந்தே சம்மதிக்கிறேன்." படிக்கிறபோது அந்தப் பெண்ணுக்கே முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அம்மா, இது புரிஞ்சுதுங்களா? அப்புறம் மாத்த முடியாது."

"புரியாம என்னம்மா. இவருக்கு முன்னாடி நான் போயிடுவேன். பேனாவக் குடு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா."

"நான் எங்க சொன்னேன், டாக்டர் சொன்னாரு," என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். மூச்சு வாங்கியதால் கையெழுத்து கோணலாகிவிட்டது. இன்னொரு தாளில் திரும்பப் போடச் சொன்னார்கள். இரண்டு தடவை போட்டாள்.

எங்கள் பூட்டையாவது போட்டவன் திறக்கலாம். இதற்குச் சாவியே கிடையாது.

அப்பா


மே 5

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. உங்கள் சுகத்தை விசாரிக்கும் நிலையில்கூட இல்லை, மன்னியுங்கள்.

படித்துப் படித்துச் சொன்னேனே. எதற்கு என்னைக் கேட்டீர்கள்? மாதம் கொஞ்சம் கூட வருகிறது என்பதற்காக அம்மாவை அம்போவென்று விட்டுவிட்டீர்கள். டாக்டர் ஏதோ சொன்னாராம், உடனே கணக்குப் போட்டுவிட்டீர்கள். உங்கள் கணக்கில் அம்மா ஏற்கெனவே செத்துவிட்டாள். அதற்கு அவளிடமே கையெழுத்தும் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு பொம்பளைப் பிள்ளை படித்துக் காட்டும்போது பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்?

இன்சூரன்ஸில் இருக்கிற என் வீட்டிலேயே இப்படி என்றால் வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் எல்லாம் என் தலையில்தான் வந்து விடியும். அதையாவது யோசித்தீர்களா?

மகன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. "என்ன எழுதிருக்கான்?" என்றாள். "சுகமாம்," என்றேன். "அவ்வளவுதானா?" என்றாள். "பெரிய எழுத்தா எழுதிருக்கான்," என்றேன்.

பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். கோபத்தில் எழுதினால் எழுதியது அப்படியே நிலைத்துவிடும். இப்போது கோபம் இல்லை. நீ கேட்டதற்கு ஒரே ஒரு பதில். வருகிற பணத்தில் அவள் மாத்திரை முழுசாக வாங்க முடிகிறது. ஈராயுள் எழுதியிருந்தால் பாதி மாத்திரைதான் வாங்கியிருக்க முடியும். பாதி மாத்திரை போட்டுக்கொண்டு நான் சாகிறவரை அவள் எப்படி இருப்பாள், பிறகு அந்த நாற்பதை வாங்க யார் இருப்பார்கள்?

இன்னொன்று. நான் இருக்கிறவரைதான் பென்ஷன் என்பது எனக்கும் தெரியும். சிகரெட்டை விட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அம்மா கெஞ்சியும் விடாதவன், இப்போது விட்டேன். காலையில் எழுந்து நடக்கிறேன். நெட்டையன், "என்னய்யா, புது மாப்பிள்ளையாட்டம் உடம்பத் தேத்துற?" என்று கிண்டல் செய்கிறான். "மாப்பிள்ளைதான்யா, விலை ஏறிப்போச்சு," என்றேன். அவனோடு சேர்ந்து அங்கங்கே சில்லறை ரிப்பேர் வேலைக்கும் போகிறேன். சும்மா இருந்தால் உடம்பு கெட்டுவிடும்.

அம்மா இப்போது ஒரே மூச்சில் படி ஏறுகிறாள். புது மருந்து கேட்கிறதாம். டாக்டர் ஆச்சரியப்படுகிறார்.

ஜூனும் போயிற்று, ஜூலையும் போயிற்று. வெயில் மட்டும் குறையவில்லை.

அப்பா


செப்டம்பர் 19

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். அம்மாவுக்குக் குணமாகி வருவது கேட்டு மகிழ்ச்சி.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். தலைக்கு மேல் வேலை. சின்ன அறையை உங்கள் மருமகளின் ஆபீஸ் அறையாக ஆக்கிவிட்டோம், அவளுக்கு இனி வீட்டிலிருந்தே வேலை. ஹாலுக்குப் புது சோபா வாங்கினோம். விரித்தால் கட்டிலாகும்.

வங்கி வட்டி ஏறிவிட்டது. கையைக் கடிக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்ததும் நான் சொன்னதைச் செய்கிறேன்.

சிகரெட்டை விட்டது நல்லது.

உங்கள் மகன்


டிசம்பர் 8

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். நீயும் மருமகளும் நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அப்பாவுக்குச் செய்யவேண்டியது எல்லாம் முடிந்து நீங்கள் கிளம்பின பிறகு வீடு பெரிதாகிவிட்டது. நீ இருந்த மூன்று நாளும் உன்னோடு பேச நேரமே இல்லை. வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே போய்விட்டது. "எப்படி ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நன்றாக இருந்த மனுஷன், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருந்துக்காரர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்து மடியில் தாங்கியிருக்கிறார். பொட்டலத்தைக் கடைசிவரை கையை விட்டு விடவில்லையாம். அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மாத்திரையைத்தான் நான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன். வேறென்ன செய்வது, வீணாக்கவா முடியும்?

பென்ஷன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இனி வராதாம். அது தெரிந்ததுதான். ஆனால் அந்த மாதம் முழுத்தொகை வந்துவிட்டதாம், அவர் இல்லாத நாட்களுக்கு உள்ளதை நான் திருப்பிக் கட்டவேண்டுமாம். நெட்டையன் அண்ணன் கட்டிவிட்டு வந்தார். "நான் பாத்துக்குறேன், நீங்க பேசாம இருங்கம்மா," என்றார்.

வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். ஜூனிலிருந்து என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாயே, அதை இப்போது அனுப்ப முடியுமா? மாத்திரை இன்னும் பத்து நாளுக்குத்தான் இருக்கிறது.

அம்மா


ஜனவரி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆபீஸில் வருஷக் கடைசி வேலை, அதனால் தாமதம்.

நானும் இவளும் உட்கார்ந்து நிறையப் பேசினோம். நீ அங்கே தனியாக இருப்பது சரியில்லை. அந்த வீட்டை விற்றுவிடுவோம். வரும் பணத்தில் என் வங்கிக் கடனை முக்கால்வாசி அடைத்துவிடலாம். வட்டி மிச்சமாகும், உன் மருந்துச் செலவை அதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நீ எங்களோடு வந்து இரு. ஹாலில் சோபா இருக்கிறது, ராத்திரி விரித்துக்கொள்ளலாம். காலையில் இவளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அதற்குள் மடித்துவிட்டால் போதும்.

வீடு அப்பா பெயரில் இருந்ததால் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். தாள்களைத் தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா மட்டும் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று உனக்கு இந்த நிலைமை வந்திருக்காது. சொன்னால் வருத்தப்படுவாய். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

உன் மகன்


ஜனவரி 23

கண்ணு,

நான் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

நீ அனுப்பின தாள்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சில் குறி அப்படியே இருக்கிறது, நான் எங்கும் போடவில்லை.

உன் மே மாதக் கடிதத்தை அப்பா என்னிடம் காட்டவில்லை. அவர் சட்டைப்பையில் பூட்டுச் சாவியோடு மடித்து வைத்திருந்தார். அவர் போனபிறகு நானே படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா உன் பேச்சைக் கேட்டார் கண்ணு. இரண்டு பேச்சையும் கேட்டார். முதலில் ஈராயுள் என்றுதான் எழுதி வைத்திருந்தார். உனக்குக் கால் பங்கை எடுத்து அனுப்பினபிறகு பார்த்தால், எண்பது வரவேண்டிய இடத்தில் அறுபதுதான் வரும்போல இருந்தது. நீ ஜூனில் அனுப்புவாய் என்றார். நான்தான், "அனுப்பலன்னா?" என்று கேட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் வாங்கி வரச் சொன்னதும் நான்தான். ஓர் ஆயுள் என்றால் எழுபத்தைந்து வந்தது. எண்பதுக்குப் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். நீ உட்கார்ந்திருக்கிற ஃப்ளாட்டின் முன்பணம், அவருக்குப் பிறகு எனக்கு வரவேண்டியிருந்ததிலிருந்து போனது. பெற்றவர்கள் கொடுத்தோம், அதற்காக நான் அழவில்லை. அதை வாங்கிக்கொண்டு அவரைக் கணக்குப் பார்த்தவன் என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லுங்கள் என்றேன். "புது வீட்டுக்குப் போறவன்கிட்ட இத எதுக்குச் சொல்றது," என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். முனைக் கடை மருந்துக்காரர் இந்த வீட்டை எடுத்துக்கொள்கிறார். ஆனால் நான் இருக்கிறவரை இங்கேயே இருப்பேன். மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பார், மாத்திரைக்குக் காசு வாங்கமாட்டார். நான் போன அன்றைக்கு வீடு அவருடையது. அதன்பிறகு யாருக்கும் எதுவும் கிடையாது. "இந்த மாதிரிக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டார். "ஓர் ஆயுள்," என்றேன்.

வீட்டில் உனக்கும் பாதி உண்டு என்பதால் உன் சம்மதம் வேண்டுமாம். அதற்கான தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். "இவருடைய காலத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் வராது என்பதைத் தெரிந்தே சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதச் சொன்னது நான்தான், எனக்கு மனப்பாடம். சாட்சி முன்னால் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போடு. எனக்கு இரண்டு தடவை போடவேண்டியிருந்தது, உனக்கு ஒரு தடவை போதும். போடமாட்டேன் என்றால் அதையும் எழுத்தில் சொல்லிவிடு.

நான் சீக்கிரம் போனால் மருந்துக்காரருக்கு லாபம் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் கடை திறப்பதற்கு முன்னால் வாசலில் வந்து நின்று, "ராத்திரி மாத்திரை போட்டீங்களாம்மா, மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

அதனால் என் சுகத்தை விசாரித்து எழுதுகிற சிரமம் உனக்கு இனி வேண்டாம்.

அம்மா